முதல் பிரதி பெறுபவர்

பொன்னாடை குத்துது. கழுத்தெல்லாம் அரிக்குது. கழட்டி மடியில வச்சுக்கலாம்னா, போட்டவர் முன்வரிசையிலேயே உட்கார்ந்து தான் போட்டது இன்னும் தோள்ல இருக்கான்னு என்னையே பார்த்துக்கிட்டு இருக்கார். இருக்கட்டும், குத்தட்டும். சௌந்தரவல்லி, உன்னை யாராவது வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டாங்களா நாவல் எழுது நாவல் எழுதுன்னு? ரிடையர் ஆனோமா, கோயில் குளம்னு போனோமான்னு இல்லாம, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்த கதையை எழுதுறேன்னு உட்கார்ந்த. எழுதின. ஒரு புண்ணியவான் அச்சும் போட்டுட்டான். இப்போ கொலுப் பொம்மை மாதிரி மேடையில உட்கார்ந்திரு. அந்தப் புண்ணியவான், பதிப்பாளர் இளவழகன், என் இடது பக்கம் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கிட்டு இருக்கார். சின்ன வயசு, என் மக வயசு இருக்கும், என்னை அம்மான்னுதான் கூப்பிடுவார். வலது பக்கம் காலி நாற்காலி. அதைப் பார்க்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லிக்கிட்டாலும் கண்ணு அங்கேதான் போகுது. அதுக்கு முன்னாடி மேஜையில ஒரு தண்ணி பாட்டில், மூடி திறக்காதது. பின்னாடி ஃப்ளெக்ஸ்ல என் மூஞ்சி, பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கு, அதுக்குக் கீழே கொட்டை எழுத்துல, முதல் பிரதி பெறுபவர் திருமதி அமலோற்பவம், தொலைபேசித் துறை, தூத்துக்குடி. வரேன்னு அவ சொல்லவே இல்லை. நான் கேட்கவும் இல்லை.

கேட்காம பேரைப் போட்டுட்டேன். திருச்சியில இது ஒண்ணும் புதுசு இல்லை, கல்யாணப் பத்திரிகையில தங்கள் நல்வரவை விரும்பும்னு போட்டு, மூஞ்சி குடுத்துப் பேசாத சித்தப்பா பேரையும் போட்டுடுவாங்க, பேர் போட்டாச்சுன்னா மனுஷன் வந்துதான் ஆகணும், வரலைன்னா ஊரு அவரைத்தான் கேட்கும். எங்க கல்யாணத்துக்கே எங்க பெரியப்பா அப்படித்தான் வந்தார், வந்து மூணு பந்தி சாப்பாட்டையும் குறை சொன்னார், ஆனா வந்தார். அந்த நம்பிக்கையிலதான் இளவழகன் முதல் பிரதி யாரும்மா வாங்கறதுன்னு கேட்டப்போ வாயில அமலி பேரு வந்துடுச்சு. அவர் ஒரு ஜவுளிக்கடைக்காரரைச் சொன்னார், தமிழ் ஆர்வலர், வந்தா விழா கலகலன்னு இருக்கும்னார். வேண்டாம்னுட்டேன். அழைப்பிதழும் புத்தகமும் கூரியர்ல தூத்துக்குடிக்குப் போச்சு. கிடைச்சதுன்னு அவளே கையெழுத்து போட்டு வாங்கியிருக்கான்னு கூரியர்காரன் சொல்றான். அதுக்கப்புறம் அவகிட்டேர்ந்து ஒரு தகவலும் இல்லை. நம்பர் என் போன்ல இருக்கு. அமலி தூத்துக்குடின்னு பதிஞ்சு வச்சிருக்கேன். தினம் எடுத்துப் பார்க்கறது, அந்தப் பச்சைப் பொத்தான் மேல கட்டைவிரல் போறது, திரும்ப வச்சுடறது. எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷத்துக்கு மேல உட்கார்ந்த பொம்பளைக்கு ஒரு போன் போடக் கை வரலைன்னு வெளியில சொன்னா சிரிப்பாங்க. சொல்லலை, யார்கிட்டயும் சொல்லலை.

"அம்மா, அவங்க எங்க வந்துக்கிட்டு இருக்காங்க?" இளவழகன் காதுக்கிட்ட வந்து கேட்கறார். வந்துக்கிட்டே இருக்காங்கன்னேன். மதுரை தாண்டிட்டாங்களான்னார். தாண்டியிருப்பாங்கன்னேன். வாய் கூசாம எப்படி வருது பாரு, நாவல் எழுதினதுக்கு அப்புறம் பொய் சரளமா வருது. "அப்ப முதல்ல பேராசிரியரைப் பேச விட்டுடலாம்மா, வெளியீட்டைப் பின்னாடி வச்சுக்கலாம். அதுக்கும் வரலைன்னா ஜவுளிக்கடை அண்ணனையே ஏத்திடுவோம், முன்னாடிதான் உட்கார்ந்திருக்கார்." அவர்தான் அந்தப் பொன்னாடைக்காரர். தலையாட்டினேன். வேற என்ன செய்ய. பேராசிரியர் மாசிலாமணி எழுந்து மைக்கைத் தட்டறார், டொக் டொக்குனு காது கிழியுது, நாவல் என்பது வாழ்க்கையின் கண்ணாடின்னு ஆரம்பிச்சுட்டார். இவர் முழுக்கப் படிச்சுட்டு வந்திருக்கார், அதுதான் வில்லங்கம். படிக்காம வர்றவங்க அட்டைப் படத்தைப் பத்திப் பேசிட்டு உட்கார்ந்துடுவாங்க. இவர் முதல் அத்தியாயத்திலேர்ந்து கதை சொல்லப் போறார், சொல்லிக்கிட்டே போய்க் கடைசி அத்தியாயத்துக்கு வந்துடுவார். அது வர்றதுக்குள்ள அமலி வந்துடணும்னு வேண்டிக்கறதா, அது முடியற வரைக்கும் வராம இருக்கணும்னு வேண்டிக்கறதா, எனக்கே தெரியலை. சமயபுரத்தாளுக்கே குழப்பம் வந்துடும் என் வேண்டுதலைக் கேட்டா.

ட்ரங்க் போர்டுன்னு ஒண்ணு இருந்துச்சுங்கறார் பேராசிரியர், இந்தத் தலைமுறைக்குத் தெரியாதுங்கறார். ஆமா, தெரியாது. வெளியூருக்குப் பேசணும்னா எங்ககிட்ட நம்பரைக் குடுத்துட்டுத் தேவுடு காக்கணும். சுவர் நீளத்துக்குப் பலகை, பலகை பூரா ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைக்குப் பின்னாடியும் ஒரு ஊரு. கயித்தை இந்த ஓட்டையிலேர்ந்து எடுத்து அந்த ஓட்டையில செருகினா மாயவரத்துக்காரர் பம்பாயில இருக்கற மகனோட பேசுவார். உயர ஸ்டூல்ல வரிசையா பொண்ணுங்க, தலையில ஹெட்செட், மல்லிப்பூ வச்சா அதோட பட்டியில நசுங்கும், ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போறப்போ பூ வாசனையும் ரப்பர் வாசனையும் சேர்ந்தே வரும். எனக்கு அடுத்த ஸ்டூல் அமலி. பொன்மலை ரயில்வே காலனிப் பொண்ணு. முதல் நாளே என்னைப் பார்த்து, ஏன்டி பரீட்சை எழுத வந்த மாதிரி உட்கார்ந்திருக்கன்னா. பேர் கேட்கறதுக்கு முன்னாடியே டி போட்டுட்டா. ஜாக்கெட்டுக்குள்ள மடிச்ச பேப்பர்ல உப்பு போட்ட நெல்லிக்காய் எப்பவும் இருக்கும், ட்ரங்க் கால் வராத நேரத்துல ஒண்ணை என் பக்கம் தள்ளுவா, வாயில போட்டு அடக்கின உடனே விளக்கு எரியும், நெல்லிக்காயை ஒதுக்கிக்கிட்டே திருச்சி ஸ்பீக்கிங்ம்பேன், அந்தப் பக்கத்து ஆளு என்னம்மா பல் வலியாம்பார். அமலி ஸ்டூல்லேர்ந்து கீழே விழற மாதிரி சிரிப்பா, சத்தம் வராம, தோள் மட்டும் குலுங்கும். சூப்பர்வைசர் அம்மா நடந்து வந்தா அதே தோளை வச்சுக்கிட்டு ரொம்பப் பவ்யமா, ஹோல்ட் ஆன் சார், உங்க பார்ட்டி லைன்ல இருக்காங்கம்பா. லைன்ல ஒரு ஈ காக்கா இருக்காது. தீபாவளிக்கு முதல் நாள் போர்டு முழுக்க விளக்கு எரியும், மூச்சு விட முடியாது, சாப்பிடக்கூடப் போக முடியாம அவ வாங்கிட்டு வந்த மிக்சரை ஆளுக்கு ஒரு பிடி வாயில கொட்டிக்கிட்டுக் கயிறு மாத்திக்கிட்டே இருப்போம், அவ கயிறும் என் கயிறும் குறுக்க நெடுக்கப் பின்னிக்கும், என் கையை அவ தட்டி விடுவா, அவ கையை நான் தட்டி விடுவேன். அந்தக் களைப்பு மாதிரி ஒரு சந்தோஷம் அப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லை. கல்யாணம், குழந்தை, வீடு, எல்லாம் நல்லதுதான், குறை சொல்லலை, ஆனா அது கிடைக்கலை.

வாசல்ல யாரோ வர்றாங்க. இல்லை, பச்சைப் புடவை, எங்க தெருக்காரம்மா. எங்க வீட்டுக்காரர் வாசல்லயே நிக்கிறார், சந்தனமும் கற்கண்டும் வச்ச தட்டோட, கல்யாண வீட்டு வரவேற்பு மாதிரி. புத்தக விழாவுக்குச் சந்தனம் எதுக்குங்கன்னு கேட்டேன், வர்றவங்களை மொட்டையா உள்ள விடச் சொல்றியான்னார். பாவம், புத்தகம் வந்ததிலேர்ந்து அவர்தான் அலையறார். பையில பத்துப் புத்தகம் போட்டுக்கிட்டு வாக்கிங் போறார். நானும் கொஞ்சமாவா அலைஞ்சேன். புத்தகத்தை எழுதறது கஷ்டம்னு நினைச்சேன், எழுதினதைச் சொல்லிக்கிட்டுத் திரியறதுதான் நாய்ப் படாத பாடு. இளவழகன் ரீல்ஸ் போடணும்மான்னார், பால்கனியில துளசிச் செடிக்குப் பக்கத்துல புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு வணக்கம் நண்பர்களேன்னு சொன்னேன், நண்பர்களேன்னு சொல்றப்போ கீழ்வீட்டு மிக்சி ஓடுச்சு, திரும்பச் சொன்னேன், திரும்ப மிக்சி. சொந்தக்காரங்க குரூப்புல போட்டா பாதிப் பேர் பூங்கொத்துப் படம் அனுப்பறாங்க, மீதிப் பேர் அதுவும் இல்லை, நாத்தனார் மட்டும் எனக்கு ஒண்ணு எடுத்து வை, தூக்கம் வரலைன்னா படிக்கறேன்னா. புத்தகக் கண்காட்சியில ஸ்டால்ல உட்கார வச்சாங்க, எழுத்தாளர் கையொப்பமிடுவார்னு அட்டை எழுதி. ஒருத்தி வந்து அட்டையில இருந்த டெலிபோன் படத்தைப் பார்த்துட்டு, இது போன் ரிப்பேர் பண்ற புக்கான்னு கேட்டா. இல்லம்மா நாவல்னேன். அப்படியான்னு வருத்தமா வச்சுட்டுப் போயிட்டா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. உடனே பக்கத்துல திரும்பினேன், இதைச் சொல்ல. பக்கத்துல யாரும் இல்லை. யார்கிட்ட சொல்லத் திரும்பினேன்னு ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் உறைச்சுது.

பேராசிரியர் மாற்றல் உத்தரவுக்கு வந்துட்டார். நாவல்ல அவ பேரு விமலி. அமலியை விமலின்னு மாத்திட்டா உலகத்துக்கே தெரியாதாம், பெரிய துப்பறியும் மூளை எனக்கு. விமலி கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு மாற்றல் வாங்கிப் போகிறாள்ங்கறார். போனா. ஸ்டேஷன்ல அவ அழலை, நான்தான் மூக்கைச் சிந்திக்கிட்டு நின்னேன், ஏன்டி அழற, நாளைக்கு ஷிப்ட்ல பேசப் போறோம்னா. பேசினோம். அதுதான் எங்க வேலையில இருந்த சுகம், தூத்துக்குடி ஓட்டையில கயித்தைச் செருகி, தூத்துக்குடி, அமலி இருக்காளான்னு கேட்டா, இங்கதான்டி இருக்கேன், எங்க போகப் போறேம்பா. அவ மாமியார் கருவாட்டுக்குழம்பு, என் வீட்டுக்காரரோட கோபம், அவ பிள்ளை தவழ்ந்தது, என் பிள்ளைக்கு அம்மை போட்டது, எல்லாம் ரெண்டு ட்ரங்க் காலுக்கு நடுவுல. அப்புறம் எஸ்டிடி வந்துச்சு, ஜனங்க அவங்களே சுழட்டிப் பேசிக்கிட்டாங்க, போர்டைக் கழட்டி எடுத்துட்டாங்க. அந்தப் பலகையைப் பிரிச்சு லாரியில ஏத்தறதை ஜன்னல் வழியா பார்த்தேன், கயிறெல்லாம் மொத்தமா சுருட்டிக் கிடந்துச்சு, அன்னிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலை. என்னைப் பில் கவுண்டர்ல போட்டாங்க, அவளை எங்கேயோ கணக்குப் பிரிவுல. வீட்டுக்கு வீடு போன் வந்துச்சு, பொங்கலுக்கு அவ கூப்பிடுவா, கிறிஸ்துமஸுக்கு நான். அப்புறம் ஒரு பொங்கலுக்கு அவ கூப்பிடலை. சரி, இந்தத் தடவை அவதானே கூப்பிடணும்னு நான் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடலை. அவ்வளவுதான். சண்டையா, ஒண்ணும் இல்லை. வருத்தமா, அதுவும் இல்லை. செல்போன் வந்துச்சு, காசே இல்லாம நாள் பூரா பேசலாம்னு வந்துச்சு, அப்பவும் பேசலை. ஊரையே பேச வச்ச ரெண்டு பேரு, நாங்க பேசிக்காமப் போனோம், அதுக்கு ஒரு காரணம்கூட இல்லை. காரணம் இருந்தா எழுதியிருப்பேன். காரணமில்லாததை எப்படி எழுதறது? எழுதி எழுதிப் பார்த்தேன், அடுத்த வருஷமும் கூப்பிடலை, அதுக்கடுத்த வருஷமும் கூப்பிடலைன்னா அது ஒரு கதையா? படிக்கறவன் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுட்டுப் போவான். அதான் கொன்னுட்டேன். விமலிக்கு மார்புல கட்டி வந்து செத்துப் போயிட்டான்னு எழுதினேன். எழுதின உடனே என்ன ஒரு நிம்மதி தெரியுமா, பிரிஞ்சு போனதுக்கு ஒரு காரணம் கிடைச்சுடுச்சு, வாய்விட்டு அழலாம், யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க. கடைசி அத்தியாயம் பூரா அவளுக்காக அழுதேன், பேனாவால அழுதேன்னு சொன்னா நாடகமா இருக்கும், நிஜமாவே அழுதேன், எங்க வீட்டுக்காரர் பயந்துபோய் மோர் கொண்டு வந்து குடுத்தார்.

அதோட நின்னிருந்தாப் பரவாயில்லை. உயிரோட இருக்கறவளைக் கொன்னுட்டு, அந்தப் புத்தகத்தையே அவளுக்கு அனுப்பி, வந்து முதல் பிரதி வாங்கிக்கோன்னு கூப்பிடுவாளா ஒருத்தி? நான் கூப்பிட்டிருக்கேன். அனுப்பறப்போ இது தோணவே இல்லை, சத்தியமா. அவளைப் பத்தின புத்தகம், அவ கையில இருக்கணும், அவ்வளவுதான் நினைச்சேன். கூரியர் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் ஜமுனா போன் பண்ணினா, எங்ககூட போர்டுல இருந்தவ, இப்போ சென்னையில மகனோட இருக்கா, அவகிட்டதான் அமலி விலாசமும் நம்பரும் வாங்கினேன். அழைப்பிதழ் பார்த்தேன்டி, அமலி வர்றாளா, ரொம்பச் சந்தோஷம், ஆபரேஷனுக்கு அப்புறம் எங்கயும் போறதில்லைன்னு சொன்னா, உனக்காக வர்றா பாருன்னா. என்ன ஆபரேஷன்டின்னேன். உனக்குத் தெரியாதா, ரெண்டு வருஷம் ஆச்சே, மார்புல கட்டி, எடுத்துட்டாங்க, உன்கிட்ட சொல்லாமயா இருந்தான்னா. அடுப்புல பால் வச்சிருந்தேன், பொங்கி வழிஞ்சு அணைஞ்சு போச்சு, நான் நின்ன இடத்துலயே நிக்கறேன். நான் எழுதினது அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கணக்குப் பார்த்தேன், பார்த்து என்ன ஆகப்போகுது. அவ அங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்த நேரத்துல நான் இங்க ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து அவளைச் சாகடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன், விவரம் தெரியாம. தெரியாமங்கறதுதான் பெரிய கேவலம். இப்போ அவ படிச்சிருப்பா. ஜெயிச்சு வந்த வியாதியில தானே செத்துக் கிடக்கறதைப் படிச்சிருப்பா. நான் சாபம் விடறேன்னு நினைச்சிருப்பா. எப்படி வருவா? வரமாட்டா. வராதே அமலி. ஐயோ, வாடி.

"விமலி மருத்துவமனையில் படுத்திருக்கிறாள்," பேராசிரியர் குரலைத் தழைச்சுக்கிட்டார். கண்ணாடியைக் கழட்டிட்டார், அடுத்து கைக்குட்டைதான். ஐயா, போதுமய்யா, படுத்திருக்கற இடத்துலயே நிறுத்திக்கோங்க, கதையை மிச்சம் வைங்க, யாராவது ஒருத்தர் காசு குடுத்து வாங்கட்டும். நிறுத்த மாட்டார். ஜவுளிக்கடைக்காரர்கூட என் தோளை விட்டுட்டு அவரைப் பார்க்கறார். அப்போ வாசல்ல ஒரு அம்மா வந்து நிக்குது. குட்டையா வெட்டின நரைமுடி, ஒல்லியா, தோள்ல துணிப்பை. எங்க வீட்டுக்காரர் தட்டை நீட்டறார், யாரோன்னு நினைச்சுத்தான் நீட்டறார், அந்த அம்மா கற்கண்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டு உள்ள வந்து தூண்கிட்ட நிக்குது. முடி வெட்டின அந்தத் தலையை நான் அறியேன், அந்த ஒடிசலை நான் அறியேன். பேராசிரியர் பேசப் பேச, அந்தத் தலை மெல்ல இடது பக்கம் சாஞ்சுது. காதுல ஹெட்செட்டை வச்சு அமுக்கிக்கிட்டு, தூரத்துக் குரலைப் பிடிக்கறதுக்குச் சாய்ப்போமே, அந்தச் சாய்ப்பு. அமலிதான். "அந்த நள்ளிரவில்," பேராசிரியர் கைக்குட்டையை எடுத்துட்டார், "விமலி இறந்து போகிறாள்! தோழர்களே, அவள் இறந்து போகிறாள்!" முன்வரிசையில ரெண்டு பொம்பளைங்க கண்ணைத் துடைக்கறாங்க. தூண்கிட்ட நிக்கற விமலி கற்கண்டைக் கடவாய்க்கு மாத்திக்கிட்டு, தான் செத்ததை முழுசாக் கேட்டுக்கிட்டு நிக்கறா.

யார் எப்படி அவளைக் கூட்டிட்டு வந்தாங்க, எனக்கு ஒண்ணும் ஓடலை. நான் கையைக் காட்டியிருக்கணும், இளவழகன் குதிச்சு ஓடினார், மைக்ல பேரு சொன்னாங்க, கைதட்டல். மேடைப் படியில அவ மெதுவா ஏறறா, வலது கையை உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு, இடது கையால புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. பேராசிரியர் ரொம்ப மரியாதையா கும்பிட்டார், உள்ளம் உருகிப் பேசின களைப்போட. இப்போதான் இவளைக் கொன்னேன்னு அவருக்குத் தெரியாது. இந்த மண்டபத்துல எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஜிகினாக் காகிதம் சுத்தின புத்தகத்தைப் பிரிச்சுக் கையில குடுத்தாங்க. அவ வாங்கினா. நான் பக்கத்துல போய் நின்னேன். போட்டோக்காரர் ரெண்டு பேரும் புத்தகத்தைப் பிடிங்கம்மான்னார், பிடிச்சோம். கேமராவைப் பார்த்துக்கிட்டே, உதடு அசையாம, போர்டுல பேசற மாதிரி அவ பேசினா.

"என்னடி, கொன்னுட்ட?"

"அமலி, எனக்குத் தெரியாதுடி. எழுதினப்போ சத்தியமா தெரியாதுடி."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தா இவ்வளவு கேவலமாவா எழுதியிருப்ப? மருந்து ஏத்தின மறுநாளே முடி கொட்டிடுமாக்கும்? யாருடி சொன்னா உனக்கு?"

"திருத்திடறேன்டி. அடுத்த பதிப்புல திருத்திடறேன்."

"அடுத்த பதிப்பு வேற வருதா," அவ தோள் குலுங்குச்சு. ஒரு தோள் மட்டும். சிரிக்கறாளேன்னு எனக்கு உசிரு வந்த மாதிரி இருந்துச்சு, அதே நேரத்துல கண்ணு மறைக்குது, கேமரா தெரியலை, கூட்டம் தெரியலை. போட்டோக்காரர் இன்னொண்ணு எடுத்துக்கறேன்மா, கொஞ்சம் நெருங்கி நில்லுங்கங்கறார். நெருங்கினோம். குட்டிகூரா பவுடர் வாசனை, இன்னுமா அதைப் போடறா, மருந்து வாசனையும் இருக்கு.

"நான் செத்த பக்கத்தைப் படிக்காமப் புரட்டிட்டேன்," அவ குரல் மாறிடுச்சு. "அதுக்கு அடுத்ததைத்தான் படிச்சேன். நீ ஒண்டியா உட்கார்ந்து என்னைத் தேடறியே, அதை. நாலு தடவை படிச்சேன். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இப்படி ஒருத்தி தேடுவான்னு தெரியாமப் போச்சுடி. இத்தனை தேட்டத்தை வச்சுக்கிட்டு, ஒரு போன் பண்ணக் கூடாதா பாவி?"

எனக்குக் கோபம் வந்துடுச்சு. இத்தனை பேருக்கு நடுவுல, பொன்னாடையைப் போர்த்திக்கிட்டு, வெட்கம் கெட்டுப்போய் எனக்குக் கோபம் வருது, போர்டுல அவ என் கையைத் தட்டிவிட்டா வருமே அந்தக் கோபம்.

"நீ பண்ணியிருக்கலாம்ல? அவ்வளவு பெரிய ஆபரேஷன், நீ ஒரு வார்த்தை சொல்லலைல்ல?"

புத்தகத்தைப் பிடிச்சிருந்த என் விரல் மேல அவ விரல் வந்து உட்கார்ந்துச்சு.

"பண்ணினேன்டி," அமலி சொன்னா. "ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முந்தின நாள். உன் வீட்டு லேண்ட்லைனுக்கு. இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னு ஒருத்தி சொன்னா. நான் விடாம மூணு தடவை போட்டேன், அவளும் விடாம சொல்லிக்கிட்டே இருந்தா."

சிரிங்கம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் சிரிங்கன்னு போட்டோக்காரர் கத்தறார். அந்த லேண்ட்லைன், துறையில ரிடையர் ஆனவங்களுக்குச் சலுகையில குடுத்தது. நான்தான் ஆபீஸுக்குப் போய்த் திருப்பி ஒப்படைச்சேன், ஏன் மேடம் சரண்டர் பண்றீங்கன்னு கவுண்டர்ல கேட்ட பொண்ணுகிட்ட, யாரும்தான் கூப்பிடறதில்லையேம்மான்னு சொல்லிட்டு வந்தேன்.